ஓடைக்கரையில் எங்கள் புராஜெக்ட்

டீம் என்றால் எல்லாரும் ஒரே அளவு உழைக்க மாட்டார்கள் சார். நீங்களும் ஒரு ஸ்டேஷனை நடத்துகிறவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் டீமில் மூன்று பேர். நான், ஜெபமலர், முத்துச்செல்வம். நான் லீடர். குற்றாலத்து ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வந்தால், கீழே குளிப்பவர்களின் போனில் சைரன் அடிக்கும்படி ஓர் ஆப். மலைமேல் நீர்மட்டக் கருவி ஒன்று வைத்திருந்தோம். அது காட்டுவது என் லேப்டாப்புக்கு வரும். பொய்த் தகவல் போய் ஜனங்கள் மிரண்டுவிடக் கூடாதே என்று, லீடர் பட்டனை அழுத்தினால்தான் சைரன் போகும்படி வைத்தோம். அது என் யோசனை. மற்றதெல்லாம் முத்துச்செல்வம் செய்தது. அதை நான் மறைக்கவில்லை.

நான் ஆள் பார்த்துப் பழகுகிறவள் இல்லை. ஆனால் சுத்தம் வேண்டும். அவன் அப்பா குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசனில் இவனும் காலையில் போய்த் தேய்த்துவிட்டு நேராக லேபுக்கு வருவான். யார் யார் முதுகு அழுக்கோ, நக இடுக்கில் கறுத்துக் கிடக்கும். அந்த விரலால்தான் என் லேப்டாப்பைத் தொடுவான். கீபோர்டு பிசுபிசுக்கும். மத்தியானம் தின்ற சால்னா வாடையும் அதோடு சேரும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அவன் போனதும் துடைப்பேன். எவ்வளவு துடைத்தாலும் பட்டன்களுக்கு அடியில் அந்த வாடை இருந்தது.

முதல் தடவை சைரன் அடித்த அன்று என் தோளில் தட்டினான். "ஏட்டி வள்ளி, வேல செய்யுதுட்டி" என்று ஈறு தெரியச் சிரித்தான். என்னை ஏட்டி என்று கூப்பிட எங்கள் வீட்டு ஆண்களுக்குத்தான் உரிமை. அந்தச் சுடிதாரைக் கொல்லையில் போட்டு எரித்தேன்.

அப்புறம் எங்கள் கைடு ஏசுதாசன் சார் கூப்பிட்டார். "சென்னைப் போட்டியில முத்துச்செல்வமே பேசட்டும்மா. எல்லாம் அவன் செஞ்சதுதானே. நீ பக்கத்துல நின்னாப் போதும்" என்றார். சரி சார் என்றேன். கோபம் எதுவும் இல்லை. அவன் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை கடைசிச் சோதனை. ஜெபமலர் காய்ச்சல் என்று வரவில்லை. ஓடை நடுவில் உள்ள பாறையில் இரண்டாவது கருவியைப் பொருத்த அவன் இறங்கினான். நான் கரைமேல் எங்கள் காரில், கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன்.

"மேல நல்ல மழை பெய்யுது. செவப்பு காட்டுச்சுன்னா ஒடனே அனுப்பிரு, நான் ஏறி வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். தண்ணீர் இரைச்சலில் கத்தினால் கேட்காது. போன் அவன் சட்டைப்பையில் இருந்தது.

சிவப்பு வந்தது. 'எச்சரிக்கை அனுப்பவா?' என்று திரையில் கேட்டது. அவனுக்கு என்ன தோன்றியதோ, நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையால் என்ன என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று நானும் கையை அசைத்தேன். நம்பிக் குனிந்து திருகாணியை முடுக்கத் தொடங்கினான். தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது.

உடம்பைக் கீழே தோப்பு ஓரத்தில் எடுத்தார்கள். அவன் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் எம்பிள்ளைக்கு நீங்கதான் தொணையா நின்னீங்களாமேம்மா" என்று அழுதார். அவர் விரலெல்லாம் எண்ணெய். விடும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அதோடு விட்டிருப்பேன் சார். ஆனால் ஆப் வேலை செய்யாததால்தான் அவன் செத்தான் என்று காலேஜில் எல்லாரும் பேசுகிறார்கள். ஏசுதாசன் சாரே அப்படித்தான் நினைக்கிறார். போட்டியிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிட்டார். அது நியாயம் இல்லை. ஆப் வேலை செய்தது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டது. 'வேண்டாம்' என்று அழுத்தியது நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு லீடர் தன் டீமை விட்டுக்கொடுக்கக் கூடாது, இல்லையா.