சாக்ஸபோனுக்கு ஒரு ஆமென்

1. சித்தூரில் திருப்பதி பஸ் ஏறினேன்.
2. முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். கணவருக்கு இடது காது கேட்காது. வலது காதும் மந்தம் என்பதால் இருவருமே சத்தமாகப் பேசினார்கள்.
3. பாகாலா தாண்டியதும் அவர் சொன்னார்: "அந்த ஜாஸ்காரரு சாக்ஸபோன் வாசிச்சதை மொத வாட்டி கேட்டப்போ ஆமென்னு கத்திட்டேனே!"

"சுத்தி எல்லாரும் கை தட்டிக்கினு இருந்தாங்க. எனக்கு மானமே போச்சு."

"நம்ம சர்ச்சுல கை தட்டியா பழக்கம்? மனசு நெறஞ்சா ஆமென்தான்."

"பெங்களூர்லயும் கத்துனீங்க."

"அப்போ அவருக்குத் தலை நரைச்சிருச்சு. சாக்ஸபோன், மழை விட்டப்புறம் ஓட்டுலேருந்து சொட்டற மாதிரி இருந்துச்சு. போன வாட்டி சேர்ல உக்காந்துக்கினு வாசிச்சாரு. நான் ஆமென் சொன்னதும் நிமிர்ந்து பாத்தாரு."

"உங்களையா? என் நீலப் பொடவையைப் பாத்தாரு."

அவர் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன.

"அடுத்த மாசம் மெட்ராஸ் வராரு. இந்தக் காதும் போயிட்டா?"

"டிக்கெட் எடுத்துட்டேன். கேக்கலன்னா, எப்போ ஆமென் சொல்லணுமோ அப்போ உங்க கையை அமுக்கறேன்."

திருப்பதியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்கள். வலது காதைப் பற்றி டாக்டர் இன்றுதான் சொல்லப்போகிறாராம்.