வாயில் வைக்காத பிராட்வுர்ஸ்ட்

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாலை, லா சப்பல் மெத்ரோ மேடையில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் நின்றார்கள். மூத்தவர் ஜெர்மனியில் சில காலம் இருந்துவிட்டுப் பாரிசுக்கு வந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பிராட்வுர்ஸ்ட் என்கிற பன்றியிறைச்சிச் சொசேஜைப் பற்றி அவர் சொன்ன ஒன்றைக் கேட்டுத்தான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நான் ஒருநாளும் அதை வாயிலை வைச்சதில்லை. ஆனா நான் பொரிச்சால் ஜெர்மன்காரரே இன்னுமொண்டு கேப்பினம்.”

“எனக்கு ஒவ்வொருக்காலும் வெடிக்குதக்கா. சனிக்கிழமை என்ரை மனுசன்ரை முதலாளி சாப்பிட வாறார், ஜெர்மன்காரன். அவர் வேலைக் கடுதாசி தந்தாத்தான் இவருக்கு விசா.”

“முள்ளுக்கரண்டியாலை குத்துறனீரோ?”

“ஓம், கத்தரிக்காய் சுடேக்கை குத்துற மாதிரி. குத்தாட்டி உள்ளை வேகாதெல்லே?”

“குத்தினா சாறெல்லாம் போயிடும். முதல்லை சுடுதண்ணியிலை போடும், கொதிக்க மட்டும் விடாதையும். வெளிறினாப்பிறகு எடுத்து ஈரத்தைத் துடைச்சு, சின்ன நெருப்பிலை, தாச்சியிலை பட்டர் போட்டு உருட்டி உருட்டிச் சிவக்க விடும்.”

“ருசி பாக்காமல் பதம் எப்பிடியக்கா தெரியும்?”

“காதைக் குடுத்துக் கேளும். படபடவெண்டு வெடிச்சா நெருப்புக் கூட. மழை தூறுற மாதிரிக் கேட்டாச் சரி.”

“உங்களுக்குக் காதிலைதான் நாக்கு!”

மெத்ரோ வந்து நின்றது. இருவரும் பேசிக்கொண்டே ஏறினார்கள்.

“சனிக்கிழமை நீங்களே வந்து பக்கத்திலை நில்லுங்கோவன், அக்கா.”

“வாறன். எனக்குப் புரட்டாதிச் சனி விரதம். ரெண்டு உருளைக்கிழங்கு பொரிச்சு வையும். வேறை தாச்சியிலை.”