சிங்கம் எண்ணிப் பார்க்கும்

டயரை வெட்டித் தைத்த செருப்பு லேசில் அறுந்துபோகாது, ஐயா. லாரிக்கு உழைத்த டயர் மனிதனுக்கு உழைக்காதா? அடி தேயும், ஆணி கழன்று குத்தும். வார் தானாக அறுந்து நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

என் தம்பி லெமேனைக் கொன்ற பெண் சிங்கத்தைச் சுடத்தான் வனத்துறையிலிருந்து நீங்கள் துப்பாக்கியோடு வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். காது கிழிந்த சிங்கம் என்று அடையாளமும் விசாரித்தீர்களாம். என் குடும்பத்துக்காக இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி. ஆனால் அதைச் சுட வேண்டாம். அதன் மேல் தப்பில்லை. பாறை இடுக்கில் மூன்று குட்டிகள் வைத்திருக்கிறது. தாய் போனால் அந்தக் குட்டிகள் கழுதைப்புலிக்குத்தான். பாவம், நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு மாடு கிடையாது. மாடு வைத்திருக்கும் மசாய்க்காரர்கள் எங்களை ஏழைகள் என்பார்கள், இருக்கட்டும். நாங்கள் தேன் எடுப்போம். இறைச்சி வேண்டுமென்றால் சிங்கத்திடம் போவோம். வேட்டைக்குத் தடை இருப்பது எனக்கும் தெரியும். நாங்கள் வேட்டையாடுவதில்லை. வேட்டையாடியவர்களிடம் வாங்கிக்கொள்கிறோம்.

பிணந்தின்னிக் கழுகுகள் ஓரிடத்தில் வட்டமிட்டு இறங்கினால் அங்கே சிங்கம் அடித்துப் போட்டிருக்கிறது என்று பொருள். வயிறு பாதி நிறைந்து, வெயில் ஏறி, அவை சோம்பிக் கிடக்கும் நேரமாகப் பார்த்து மூன்று பேர் கிளம்புவோம். மறைந்து போகக் கூடாது. மறைந்து வருகிறவனை அவை இரை என்றோ திருடன் என்றோ நினைக்கும். நிமிர்ந்து, தோளோடு தோளாக, கடன் வசூலிக்கப் போகிறவர்களைப் போல நேரே நடக்க வேண்டும். ஓடக் கூடாது. நிற்கக் கூடாது. முதுகு காட்டக் கூடாது. கையில் வில் இருக்கும், தோளில் விஷ அம்பு இருக்கும். அது எங்கள் தைரியத்துக்கு. நான் பறக்கிற கினிக்கோழியை அடித்துக் கீழே போடுகிறவன், ஆனாலும் சிங்கத்தின் மேல் ஒருநாளும் அம்பு விட்டதில்லை. தேவைப்பட்டதில்லை.

ஏன் என்றால் சிங்கத்துக்கு எண்ணத் தெரியும். இருட்டில் வேற்றுக் கூட்டம் கர்ஜிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒற்றைக் குரல் என்றால் எங்கள் பக்கத்துச் சிங்கங்கள் எழுந்து விரட்டப் போகும். மூன்று குரல் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். கழுதைப்புலிகளோடும் அதே கணக்குதான். நாலு வந்தால் அறை விழும். கூட்டமாக வந்தால் சிங்கம் இறைச்சியை விட்டு எழுந்துவிடும். எங்களையும் அப்படித்தான் எண்ணிப் பார்க்கிறது. மூன்று பேர், மூன்று பேரும் பயமில்லாமல் வருகிறார்கள், அப்படியானால் ஏதோ இருக்கிறது என்று புதருக்குள் போய்விடும். அது யோசித்து முடிப்பதற்குள் ஒரு தொடையை அறுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். முழுவதையும் எடுக்கமாட்டோம். உழைத்தவர்களுக்கும் வேண்டும் அல்லவா.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்கள் தொழிலில் பந்தியும் படையும் ஒரே இடம். அதனால் யாரும் முந்தாமல் யாரும் பிந்தாமல் போகப் பழகியிருந்தோம். நடுவில் என் சிநேகிதன் சிரோன்கா. இடது பக்கம் லெமேன். வலது பக்கம் நான். லெமேனுக்கு மீசை முளைக்கும் முன்பிருந்தே வலது பக்கம் எனக்குத்தான். அந்த வரிசையில் நிற்பவனுக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. இறைச்சி பங்கு போடும்போது முதலில் கூப்பிடுவார்கள். அதைத் தவிர என்னிடம் வேறு சொத்து இல்லை.

மழை ஓய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் சிரோன்கா வீட்டு வாசலில் தேனைப் புளிக்கவைத்த கள் குடித்துக்கொண்டிருந்தோம். ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. சிரோன்காவுக்குக் குடித்தால் வாய் நீளம். என் பக்கம் கையைக் காட்டினான்.

"நம்ம பர்முவா நடக்கிறப்ப முட்டி கடக்கு கடக்குன்னு பேசுதே, கேட்டீங்களா? சிங்கம் நம்மளப் பாத்து ஓடல. அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடுது."

"அப்ப முட்டிய மட்டும் கழட்டிக் குடுத்தனுப்பச் சொல்லு," என்றான் ஒருவன்.

"இல்லப்பா, நெசமாவே சொல்றேன். பர்முவா, அடுத்த தடவையிலருந்து உன் இடத்துல லெமேன் நிக்கட்டும். அவன் இடத்துக்கு என் மச்சினன் வரான். நீ உக்காந்து தேன்கூட்டுக்குப் புகை போடு. உன் பங்கு வீடு தேடி வந்துரும்."

"வராம என்ன? கழுதைப்புலிக்கே வருது," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லெமேனும் சிரித்தான். சின்னவன், அவன் சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

எனக்குச் சிரோன்கா மேல் கோபம் இல்லை. அவன் நடுவில் நிற்பவன், கத்தி அவனிடம், முதலில் குனிபவனும் அவன்தான். ஏதாவது ஆனால் அவனுக்குத்தான் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவன் இல்லாமல் போனால் நடுவிடம் காலியாகும். அதற்கு மூத்தவனைத்தான் போடுவார்கள். பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது என்பார்களே, அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தது. நான் எதையும் செய்ய வேண்டியதே இல்லை. சும்மா நின்றால் போதும்.

மறுபடி கழுகு இறங்கியது. மச்சினன் அன்றைக்கு வேறு ஊருக்குப் போயிருந்தான். அதனால் பழைய வரிசையே. வீட்டில் களி தின்றுவிட்டு, கை கழுவும் முன் வலது கால் செருப்பின் வாரைக் கத்தியால் முக்கால்வாசி அறுத்து வைத்தேன். மீதி நடையில் தானாக அறும். ஏன் நின்றாய் என்று நாலு பேர் கேட்டால் காட்ட ஒன்று வேண்டும்.

வரிக்குதிரை ஒன்றை அடித்திருந்தன. ஆண் சிங்கம் தின்றுவிட்டுத் தள்ளிப் போய் மல்லாந்து கிடந்தது. பெண் சிங்கங்கள் நாலு. காது கிழிந்ததுதான் இறைச்சிக்குக் கிட்டத்தில். நாங்கள் நடந்தோம். ஒன்று எழுந்து போனது. இன்னொன்று போனது. சிங்கத்தின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் ஈ நம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் ஒன்று உண்டு. அங்கேதான் அது முடிவெடுக்கும். காது கிழிந்த சிங்கமும் எழுந்து, போவதற்காகப் பாதி திரும்பிவிட்டது.

நான் நின்றேன். வார் அறுந்துவிட்டது.

அது திரும்பிப் பார்த்தது. வால் நுனி மட்டும் ஆடியது. ஒன்று, இரண்டு என்று அது எண்ணுவதை என்னால் பார்க்க முடிந்தது. ரொம்ப நிதானமான மிருகம். சிரோன்காவுக்கும் புரிந்துவிட்டது. அவன் கெட்டிக்காரன், தலையைக்கூடத் திருப்பவில்லை. உதட்டை அசைக்காமல், "நிக்காத. யாரா இருந்தாலும் நிக்காத," என்றபடி போய்க்கொண்டே இருந்தான்.

லெமேன் திரும்பினான்.

"அண்ணே, கால்ல முள்ளா?"

அவ்வளவுதான் கேட்டான். கேட்டுவிட்டு, தோள் கொடுக்க என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு வந்தான். சிங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அது சிரோன்காவைத் தாண்டி வந்தது. முதுகு காட்டுகிறவன் இருக்கும்போது முகம் காட்டுகிறவன் எதற்கு? அதற்கு மனிதர்களை எண்ணத் தெரியும். பேர் சொல்லிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் திரும்பக் கூடாது என்பது விதி, அதை அவன் மீறினான். அன்றைக்கு வாசலில் சிரித்தான் என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

சிரோன்கா கத்திக்கொண்டு, கையில் வெறும் கத்தியோடு, ஒற்றை ஆளாக அதன் மேல் ஓடினான். கணக்குப்படி அது அவனையும் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டது. கணக்கு எல்லா நேரமும் சரியாக வருவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். லெமேனைச் சிரோன்காதான் தோளில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தான். எனக்கு ஒரு காலில் செருப்பு இல்லை.

புதைத்துவிட்டு வந்த பிறகு என் செருப்பைக் கேட்டு வாங்கி, புது வார் வைத்து ஆணி அடித்துக் கொடுத்தவனும் அவன்தான். அடிக்கும் முன் பழைய வாரின் முனையை விரலால் தடவிப் பார்த்தான். பெரும்பகுதி வழுவழுப்பு, ஓரத்தில் மட்டும் பிய்ந்த நார். என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"அன்னிக்குக் காலையில லெமேன் எங்கிட்ட வந்தான்," என்றான். "அண்ணன் இடத்துல நான் நிக்க மாட்டேன், அண்ணன் இல்லன்னா நானும் வரலன்னான். நானும் சரின்னுட்டேன். உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்."

காலையிலேயே சொல்லியிருந்தால் ஒரு செருப்பு மிச்சமாகியிருக்கும். அவனிடம் அதைச் சொல்லவில்லை. துக்க வீட்டில் குறை சொல்வது அழகல்ல.

அதற்குப் பிறகு சிரோன்கா இறைச்சிக்குப் போவதில்லை. கழுகு இறங்கினால் எழுந்து உள்ளே போய்விடுகிறான். வலது பக்கம் இன்னும் எனக்குத்தான், யாரும் பிடுங்கவில்லை. வரிசைதான் இல்லை. லெமேன் மனைவி தினமும் என் வீட்டுக்கு ஒரு குடுவை தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். கடைசியில் அவன் என்னைப் பார்த்துத்தான் வந்தான் என்று சிரோன்கா சொல்லியிருக்கிறான். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல். அந்தத் தண்ணீரைத்தான் நான் குடிக்கிறேன், நல்ல தண்ணீர்.

ஆக, சிங்கத்தின் மேல் பழி போடாதீர்கள். அது இரண்டு பேரைப் பார்த்தது, இரண்டு பேருக்கு என்ன செய்யுமோ அதைச் செய்தது. மூன்றை இரண்டாக்கியவன் நான். வாரை அறுத்தவன் நான். இதை எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். துப்பாக்கியைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

நீங்கள் என் தோளில் இருக்கிற அம்புக்கூட்டைப் பார்க்கிறீர்கள். கேட்க நினைப்பதும் புரிகிறது. சிரோன்காவும் ஓடிக்கொண்டே அதைத்தான் கத்தினான். "விடுடா அம்ப! பர்முவா, விடுடா!" அம்பு நாணில் ஏறித்தான் இருந்தது. கல்லெறி தூரம்கூட இல்லை. கையும் நடுங்கவில்லை. லெமேன் அப்போது உயிரோடுதான் இருந்தான், என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் சிங்கம் அவன் மேல் கிடந்தது, ஐயா. குறி ஒரு விரற்கடை தவறி அவன் மேல் பட்டிருந்தால், அண்ணனே தம்பியைக் கொன்றுவிட்டான் என்று ஊர் பேசியிருக்கும். அந்தப் பழி எனக்கு எதற்கு என்று வில்லைத் தாழ்த்திக்கொண்டேன்.