குழந்தை வளர்ப்புல மூணு

— ஐயோ அங்கிள், தொட்டிலை விடுங்க! குழந்தையைத் தூக்குங்க!

— இரு மேடம், ஸ்கிரீன்ல பாரு, தொட்டில் கால் ஒண்ணு ஆடுது. அதை மட்டும் சரி பண்ணிட்டு...

— இந்த கேம்ல அதைச் சரி பண்ணா தச்சு வேலை பாயின்ட்தான் ஏறும். ஏற்கெனவே தச்சு வேலையில எட்டு. குழந்தை வளர்ப்புல மூணு. வெட்கமா இல்ல?

— வாஷிங் மெஷின் மெக்கானிக் கண்ணுக்கு ஆடுற கால்தான் முதல்ல தெரியும், என்ன பண்ண?

— குழந்தை வீல் வீல்னு கத்துது!

— தூக்கிட்டேன், தூக்கிட்டேன். சரி, சந்தையில போய் ஒரு பொம்மை வாங்கிக் குடுத்துடவா?

— குடுங்க. குழந்தை சிரிக்கும். உங்களுக்குப் பாயின்ட் வராது.

— அநியாயமா இருக்கே! காசு என்னுதாச்சே?

— காசு குடுத்தா அது வளர்ப்பா? அஞ்சு வரணும் அங்கிள். அஞ்சு வந்தாதான் எங்கம்மாவை நீங்க கல்யாணம் பண்ணிக்க நான் சரின்னு சொல்வேன். பேச்சு பேச்சுதான்.

— நாலாங்கிளாஸா நீ? வக்கீல் மாதிரி பேசுற.

— கதை சொல்லுங்க. அந்தப் பட்டனை அமுக்குங்க... அதில்ல, அது புதுக் கதை. பழைய நரிக் கதையே வேணுமாம்.

— ஆறு தடவை சொல்லியாச்சு!

— ஏழாவது தடவை முழுசா சொன்னாதான் பாயின்ட். நடுவுல எழுந்து போனா மறுபடி ஒண்ணுல இருந்து.

— இந்த விளையாட்டைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருப்பானா?

— வயல்ல தண்ணி கட்டலைன்னு மணி அடிக்குது பாருங்க.

— அடிக்கட்டும்.

— தக்காளி எல்லாம் வாடிடும்.

— வாடட்டும். ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம்...

— அங்கிள், இப்ப உங்க நிஜ போன் அடிக்குது. மாடி வீட்டு ஆன்ட்டி. துணியெல்லாம் மெஷினுக்குள்ளேயே மாட்டிக்கிச்சுன்னு காலையில அழுதாங்களே.

— கேக்குது.

— எடுக்கலையா?

— நரி கிணத்துக்கிட்ட வந்தாச்சு. இப்பப் போய் எப்படி எடுக்கிறது? முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்.

— குழந்தை கண்ணை மூடிடுச்சு. கடைசி வரி வரைக்கும் சொல்லுங்க.

— கதை முடிஞ்சுது பாரு. ஏறிச்சா?

— அஞ்சு.

— அஞ்சா! ஏய், அஞ்சு! இந்தா, கை குடு! ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?

— ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.

— சொல்லு.

— நான் அம்மாகிட்ட போன வாரமே சரின்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன்.

— ம்...

— வெறும் ம்-மா? குதிப்பீங்கன்னு நினைச்சேன்.

— அன்னிக்கே குதிச்சாச்சு. உங்கம்மாவால அஞ்சு நிமிஷம்கூட ரகசியத்தைத் தாங்க முடியலை.

— சத்தியம் பண்ணாங்களே! இருக்கட்டும், வீட்டுக்குப் போய் வச்சுக்கிறேன். அப்ப தெரிஞ்சே ஒரு வாரமா கடை வேலையைப் பாதியில போட்டுட்டு இந்தக் குழந்தையைத் தூக்கிட்டு அலைஞ்சீங்களா? எதுக்கு?

— பாஸ் ஆயிட்டேன்னு நானே சொல்லிட்டா, மறுநாள்ல இருந்து நீ கடைப் பக்கமே வர மாட்டியோன்னு பயமா இருந்துச்சும்மா.