டிராகனுக்கு வைத்த பொட்டு

"என் டிராகன் செத்துப்போச்சின்னா நீதான் காரணம்."

ஆயுத பூஜைக்கு மறுநாள், கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு இளைஞன் மனைவியிடம் சொன்னான். அவன் உள்ளங்கையில் சிறு பிளாஸ்டிக் டிராகன்.

"இத வீடியோ கேம் மேடையில வெச்சா டிவியில கேமுக்குள்ள பறக்கும். ரெண்டு மாசமா ஆடி ஜெயிச்சதெல்லாம் இதுக்குள்ளதான் கீது. காலையிலேர்ந்து அசையல."

"வண்டி, மிக்சி, அருவாமணை எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். இத மட்டும் வுட்டா கோச்சிக்காதாங்க?"

"அதுக்குன்னு காலுக்கடியிலயா சந்தனத்த அப்புவ? சிப்பு அங்கதான் கீது."

அவள் முந்தானையை நனைத்துத் துடைத்தாள். "செல்போன் முதுகுல வெச்சிப் பாருங்க. சத்தம் வந்தா உசுரு கீதுன்னு கடைக்காரரு சொன்னாரே."

படிக்காமல் விளையாடுகிறாள் என்று என் மகளின் பொம்மையை அடுப்பில் போட்டவன் நான். நானும் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

போன் 'டிங்' என்றது.

அவன் டிராகனை முத்தமிட்டான்.

"தொடச்சது நானு, முத்தம் அதுக்கா?"

"அடுத்த வருஷம் பொட்டு வெக்கமாட்டேன்னு சொல்லு."

"வெப்பேன். நெத்தியில வெப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது.