பத்தொன்பது வருசமா வராத பாலன்

...அதனாலதான் சொல்றேன் காசிமீரோ, கடவுள் கண்ணுக்கு நான் மட்டும் தெரியவே மாட்டேங்குறேன். அய்ய, மிதிக்காதே. ஈர சிமெண்ட்டு. கொத்தனார் காலையிலதான் பூசிட்டுப் போனான். அங்கயே, வாசல்லயே நில்லு. கையில என்னமோ போர்வையில சுத்தி வச்சிருக்க, இருக்கட்டும், நான் சொல்றத முதல்ல கேளு.

பத்தொன்பது வருசம்ப்பா. உங்க கோயில் கமிட்டி நோட்டுல என் பேரு ஏறி பத்தொன்பது வருசம். பாலன் ஏசு சுரூபம் ஒரு வருசம் எங்க வீட்டுல தங்கட்டும்னுதானே கேட்டேன், ராஜ்ஜியத்தையா கேட்டேன்? ஒவ்வொரு மெழுகுவர்த்தித் திருநாளுக்கும் மேளமும் வேட்டுமா இந்தத் தெரு வழியாத்தான் தூக்கிட்டுப் போறீங்க. ஒரு தடவை பல் டாக்டர் வீட்டுக்கு. ஒரு தடவை பன்னி வளக்குறவன் வீட்டுக்கு. பன்னி வளக்குறவன், காசிமீரோ.

சாமியார்கிட்ட போய் அழுதா, "எர்மெலிந்தா, காத்திருக்கிற காலந்தான் ஆன்மா வளர்ற காலம்"ங்கிறார். வளரட்டும், வேணாங்கல. எனக்கு வளந்த மாதிரி பொறுமை இந்த ஊருல வேற யாருக்கு வளந்திருக்கு? போன ஞாயித்துக்கிழமை பூசையில ஒருத்தி வந்து என் இடத்துல உக்காந்துட்டா. நான் கத்தினனா? இல்லையே. அவ எந்திரிக்கிற வரைக்கும் அவ காதுகிட்டயே நின்னு செபமாலை சொன்னேன். பொறுமைன்னா அது.

என்ன... இரு, இரு. லெயோன்சியோ வீட்டுல சாவு விழுந்துடுச்சா? அடப்பாவமே. அப்போ இந்த வருசம் அவங்க பாலனை எடுத்துக்க முடியாது. சரி. நோட்டுல அடுத்த பேரு... என்னுதா? அப்போ அந்தப் போர்வையில இருக்கிறது...

இன்னைக்கேவா?

இன்னைக்கு எப்படிப்பா. தரையப் பாத்தேல்ல. புவெப்லா ஊருல இருந்து வர வேண்டிய தரை ஓடு வரல. பாலன் படுக்குற ரூமுக்குத் திரைச்சீலை தைக்கக் குடுத்தேன், தையக்காரி இன்னும் தச்சே முடிக்கல. ஊரே தமாலே கொழுக்கட்டை தின்ன வருமே, எங்க உக்கார வைப்பேன்? அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு கமிட்டியில சொல்லிடு.

ஏன் அப்படிப் பாக்குற? ஆமா, முன்னாடியும் வந்தீங்க. மூணு தடவை வந்தீங்க, யாரு இல்லேன்னா? முதல் தடவை கூரை ஒழுகுச்சு. ரெண்டாவது தடவை கூரை நல்லாத்தான் இருந்துச்சு, அந்தக் கூரைக்குச் சுவரு பொருந்தல. மூணாவது தடவை... மூணாவது தடவை எல்லாம் தயார்தான். தொட்டில்கூடப் போட்டாச்சு. அதப் பாத்துக்கிட்டே நின்னேன். எனக்குத்தான் பிள்ளையே பிறக்கலியே. இந்த வீட்டுல ஒரு குழந்தை ஒரு நாள் படுத்ததில்ல. வந்து ஒரு வருசம் இருந்துட்டு, அப்புறம் நீங்க தூக்கிட்டுப் போயிட்டீங்கன்னா அந்தக் காலித் தொட்டில வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? பயந்துட்டேன்யா. ஜன்னல் சரியில்லேன்னு சொல்லிட்டேன்.

அதுக்காகக் கடவுள் ஒரு பொம்பளைய இப்படியா காக்க வைப்பாரு?

இரு, உனக்குச் சூடா ஒரு கோப்பை அதோலே கஞ்சி ஊத்திட்டு வர்றேன், பேசித் தொண்டை வறண்டிருக்கும் உனக்கு...

இந்தா. காசிமீரோ? எங்கப்பா போன?

அடுத்த வீட்டுக்கா? டொமிதிலாகிட்டயா? எனக்கு அடுத்த பேரு அவளுதா? அவ வீட்டுல தரையே கிடையாதேய்யா, வெறும் மண்ணு. ஆறு பிள்ளைங்க. கோழி அடுப்பு மேல ஏறி நிக்கும்.

வந்துட்டா வாசலுக்கு. கையில மாவு. பாவாடையில துடைச்சுக்கிட்டா, அவ்வளவுதான். வாங்கிட்டா. யோசிக்கக்கூட இல்லையே அவ.

டொமிதிலா. ஏய் டொமிதிலா, அப்படி இல்லடி. தலைக்குக் கீழ கையக் குடு. இன்னொரு கைய முதுகுல. நெஞ்சோட சேத்து... ஆங், அப்படித்தான்.

எனக்கெப்படித் தெரியும்னா கேக்குற? பத்தொன்பது வருசமா தலகாணிய வச்சுப் பழகியிருக்கேன்டி.