சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை

டீ வேண்டாம் மேடம், தண்ணீர் போதும். சாயங்காலத்துக்கு மேல் டீ எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. இரவு வேலை பார்க்கிறவள் டீ குடிக்காமல் எப்படி விழித்திருக்கிறாய் என்று முகாமின் சமையல்காரம்மாகூட அடிக்கடி கேட்பார். பக்கத்தில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். இதைத் திறமை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சிலருக்குக் கணக்கு வரும், சிலருக்குப் பாட்டு வரும். எனக்கு இது.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். கோடை விடுமுறையில் நகரத்துப் பிள்ளைகளைக் காட்டோரத்துக்குக் கூட்டிவந்து மரம், பூச்சி, பறவை என்று காட்டிக்கொடுக்கிற முகாம் அது. பகலில் சொல்லிக்கொடுக்கப் பறவை சார் இருக்கிறார், இன்னும் இரண்டு இளம் ஆசிரியைகள் இருக்கிறார்கள். விளக்கணைத்ததிலிருந்து விடியும்வரை சிறுமிகளின் குடிலுக்கு நான் பொறுப்பு. பிள்ளைகள் என்னை நைட் அக்கா என்பார்கள். அங்கே யாரையும் வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வந்து இறங்கிய அன்றே பறவை சார் ஒவ்வொருவருக்கும் ஒரு காட்டுப் பெயர் வைத்து, அதன் படத்தை விசிலில் வரைந்து கழுத்தில் மாட்டிவிடுவார். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும்.

நான் நன்றாக வேலை செய்தேன் மேடம். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். படுக்கையை நனைத்துவிட்ட பிள்ளைக்கு மற்றவர்கள் எழுவதற்குள் விரிப்பை மாற்றி, துவைத்துக் காயப்போட்டுவிடுவேன். அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். ஒரு பெண் தூக்கத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பாள். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி அழுவாள். பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தை நான் சொல்லி முடிப்பேன். சிரித்துக்கொண்டே தூங்கிப்போவாள். காலையில் அவளுக்கு எதுவும் நினைவிருக்காது. எனக்கு இருக்கும்.

வந்த புதிதில் எல்லாப் பிள்ளைகளும் அழும். வீட்டு ஞாபகம். இருட்டில் யாருடைய விசும்பல் எந்தக் கட்டிலிலிருந்து வருகிறது என்று விளக்கு போடாமலே சொல்லிவிடுவேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார்கள். பிறகு சில நாட்களில் எல்லாம் அடங்கிவிடும். ஒருவருக்கொருவர் சிநேகமாகிவிடுவார்கள். போர்வைக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு, நான் உள்ளே வந்ததும் நிறுத்திக்கொள்வார்கள். கடைசி நாள் பஸ் ஏறும்போது பறவை சாரைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். நான் அந்த நேரத்தில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கும் ஒரு மகள் உண்டு. நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அவள் அவளுடைய அப்பாவிடம் இருக்கிறாள். என்னிடம் இருந்தவரை அவளுக்கு அடிக்கடி உடம்புக்கு வந்துகொண்டேயிருக்கும். வாந்தி, மயக்கம், என்னவென்று எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனையோ இரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னைவிட்டு அரை அடி நகர மாட்டாள். அப்பா வீட்டுக்குப் போன பிறகு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லையாம். அதை அவர் என் முகத்துக்கு நேராகப் பெருமையாகச் சொன்னார். உடம்புக்கு வந்தால்தானே பிள்ளை அம்மாவைத் தேடும். அவள் என்னைத் தேடாமலே வளர்ந்துகொண்டிருக்கிறாள்.

நத்தையைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது வயதுக்குச் சின்ன உடம்பு. வரிசையில் எப்போதும் கடைசி, ஒவ்வொரு எறும்புக்கும் நின்று வழிவிட்டு நடப்பாள். அதனால் அந்தப் பெயர். முதல் இரவு அழுததில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. நான் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நான் தூங்கினதும் நீங்க போயிடுவீங்களா?" என்றாள்.

"எங்கயும் போக மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

என் சுண்டுவிரலைப் பிடித்தபடி தூங்கினாள். விரல் மரத்துப்போயிற்று. நான் எடுக்கவில்லை. பல வருஷம் கழித்து அன்றைக்குத்தான் நான் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அடுத்த சில இரவுகளும் அப்படித்தான். பிறகு மேல்கட்டில் பெண் தும்பி இவளோடு ஒட்டிக்கொண்டாள். வாயாடி. இரண்டு பேரும் இலை சேர்ப்பதும் புழுவுக்குப் பெயர் வைப்பதுமாக ஒரே கும்மாளம். ஓர் இரவு வழக்கம்போல் டார்ச்சோடு நத்தையின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, லைட்ட அணைங்க, கண்ணு கூசுது," என்றாள். மேலேயிருந்து தும்பி களுக்கென்று சிரித்தாள். நத்தையும் சிரித்தாள்.

நான் அணைத்தேன். கோபம் வரவில்லை. மாடிப்படி இருக்கிறதென்று கால் வைத்தால் இல்லாமல் போகுமே, அப்படி இருந்தது.

அந்த வாரமே முகாம் நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் பேசினார். "பிள்ளைங்க இப்பல்லாம் சீக்கிரமா பழகிடறாங்க. ராத்திரிக்குன்னு தனியா ஒரு ஆள் தேவையில்லன்னு தோணுது. அடுத்த பேட்ச்லேர்ந்து டீச்சர்களே மாத்தி மாத்திப் படுத்துக்குவாங்க. உங்களுக்கும் ஓய்வு வேணுமில்ல?" என்றார். ஓய்வு. அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவது மேடம்? என் வீட்டில் ஒரு கட்டில்தான் இருக்கிறது. அதில் நான் படுத்தால் நிறைந்துவிடும்.

அவரிடம் கெஞ்சினேன். பகலில் பாத்திரம் தேய்க்கிறேன், சம்பளம்கூட வேண்டாம், இரவில் மட்டும் குடிலில் இருக்க விடுங்கள் என்றேன். அவர் சங்கடப்பட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது சொல்லிப் புரியவைக்கிற விஷயமில்லை, காட்டித்தான் ஆக வேண்டும் என்று. ஒரு பிள்ளை கொஞ்ச நேரம் பயந்தால் போதும். நான் போய்க் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வருவேன். யார் தேவை, யார் தேவையில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். இதில் யாருக்கும் கெடுதல் இருப்பதாக அப்போது எனக்குப் படவில்லை.

மாலையில் மௌன மரம் என்று ஒன்று நடக்கும். ஆளுக்கொரு மரத்தடி. வாய் திறக்காமல் உட்கார்ந்து காட்டைக் கேட்க வேண்டும். குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில்தான் எல்லோரையும் உட்கார வைப்பார் பறவை சார். பிள்ளைகளைக் கொண்டுபோய் விட நானும் போவேன். அன்றைக்கு நத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டி நடந்தேன். அங்கே பறவை பார்ப்பதற்கென்று எப்போதோ கட்டிய பலகைக் குடிசை ஒன்று உண்டு. கூரை பாதி சரிந்து கிடக்கும். யாரும் போவதில்லை.

"இங்க ஒரு ஆந்தை குஞ்சு பொரிச்சிருக்கு. அசையாம இருந்தா வெளிய வரும்," என்றேன்.

"எனக்கு மட்டுமா காட்டறீங்க?"

"உனக்கு மட்டும்."

"தும்பிகிட்டகூட சொல்லக்கூடாதா?"

"கூடாது. யாரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்காத கண்ணு. சத்தம் கேட்டா தாய் ஆந்தை குஞ்ச விட்டுட்டுப் போயிடும். நான் வந்து தோளைத் தொடற வரைக்கும் இங்கேயே இரு."

குஞ்சை விட்டுப் போய்விடும் என்றதும் அவள் கண் அகன்றுவிட்டது. தலையை ஆட்டினாள். பலகைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் இன்னும் இருந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

பிள்ளைகளை எண்ணும்போது ஒருத்தி குறைந்தாள். பறவை சார் மறுபடி எண்ணினார். அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். கொஞ்சம் தேடட்டும், பிறகு நான் கிளம்பலாம் என்று நின்றேன். அந்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. கோடை மழை மேடம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொட்டியது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நிர்வாகி வாசலில் மறித்தார்.

"நீங்க குழந்தைகளோட இருங்க. உங்கள விட்டா அதுங்க அடங்காது."

"சார், எனக்கு வழி தெரியும் சார்."

"எங்களுக்கும் தெரியும். உள்ள போங்க."

அவர் மட்டும் என்னை விட்டிருந்தால் இருட்டுவதற்குள் பிள்ளையோடு வந்திருப்பேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் மறுத்தார். இடத்தைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மழை இப்போது விட்டுவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நினைத்தேன்.

குடிலுக்குள் அத்தனை பிள்ளைகளும் என்மேல் வந்து விழுந்தார்கள். ஒன்று மடியில், ஒன்று முதுகில், இரண்டு கைக்கும் இரண்டு. கூரையில் மழை இரைகிறது, இடி இடிக்கிறது, ஒவ்வொரு இடிக்கும் என்னை இறுக்குகிறார்கள். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. தும்பி மட்டும் தள்ளி நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவ விசில் ஊதுவால்ல?"

"ஊதுவா."

"ஊதினா நமக்குக் கேட்குமா?"

"கேட்கும்டா."

நத்தை படம் போட்ட விசில் அப்போது நான் வேலைக்குப் போட்டுக்கொள்கிற கோட்டின் பையில் இருந்தது. சத்தத்தில் ஆந்தை பயந்துவிடும் என்று சொல்லி அவள் கழுத்திலிருந்து நான்தான் கழற்றியிருந்தேன். அவளே தலையைக் குனிந்து கொடுத்தாள்.

விடிவதற்கு முன் அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்துசேர்ந்தார்கள். அப்பா நேராகக் காட்டுக்குள் போய்விட்டார். அம்மாவால் நிற்க முடியவில்லை. சமையல்காரம்மா அவரைக் கைத்தாங்கலாக என்னிடம் கொண்டுவந்து உட்கார வைத்தார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார், இரண்டும் வேறு வேறு ஜோடி. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே என்னவோ உடைந்தது. சொல்லிவிடலாம், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அவர் கையைப் பிடித்தேன். வாயைத் திறந்துவிட்டேன் மேடம். அப்போது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரு?" என்றார்.

"நைட் அக்கா," என்றேன்.

அவர் யோசித்துப் பார்த்தார். "தும்பின்னு ஒரு பொண்ணப் பத்திச் சொன்னா. பறவை சார் பத்தி தினமும் போன்ல சொல்லுவா. உங்களப் பத்தி..." என்று நிறுத்தினார். நல்ல குணம் உள்ளவர், மனம் நோகக் கூடாதென்று அவசரமாக, "நான்தான் மறந்திருப்பேன்," என்றார்.

நான் கையை விட்டேன். எழுந்துபோய் அவருக்குப் போர்த்திக்கொள்ளப் போர்வை எடுத்துவந்தேன். அதன் பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. வெளியே அவர்கள் கத்திக் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறிய பிறகு பறவை சார்தான் கண்டுபிடித்தார். ஓடை இரவோடு இரவாகப் பெருகிக் குடிசைக்குள் புகுந்திருக்கிறது. அவள் பலகைமேல் அதே இடத்தில் இருந்தாளாம், இடுப்பு வரை தண்ணீர். உதடு நீலம் பாரித்திருந்ததாம். இரவில் அந்தக் குடிசையை ஒட்டியே ஆட்கள் போயிருக்கிறார்கள். பாதி சரிந்த கூரைக்குள் பிள்ளை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுடைய அப்பாவே அங்கே நின்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டிருக்கிறார். அவள் பதில் கொடுக்கவில்லை. பறவை சார் தண்ணீரில் இறங்கிக் கிட்டே போனபோது, விறைத்துப்போன கையைத் தூக்கி உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடக் கூடாதென்று அவருக்குச் சைகை காட்டினாளாம். அதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

துவைக்கப்போட்ட கோட்டில் விசிலைப் பார்த்தது சமையல்காரம்மா. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு உங்களுக்குப் போன் செய்யப் போய்விட்டார்.

ஆமாம். கூட்டிப்போனது நான். விசிலைக் கழற்றியது நான். இடம் தெரிந்தும், மழை பெய்வது தெரிந்தும், ஓடை ஏறும் என்று தெரிந்தும், விடிந்து வெயில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றீர்கள். டாக்டர் பேசிப் பார்த்தார், அம்மா அழுது பார்த்தார், தும்பியைக்கூடக் கூட்டிவந்து காட்டினார்கள், யாருக்கும் வாய் திறக்கவில்லை. என்னைப் பற்றிக் கேட்டபோது மட்டும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் கிடந்தாளாம். நீங்கள் அதைப் பயம் என்கிறீர்கள். உங்களுக்குக் குழந்தைகளோடு பழக்கம் குறைவு என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்ற அம்மாவுக்கே வாய் திறக்காத பிள்ளை வேறு யாருக்காகக் காத்திருக்கும்? என்னை ஓர் இரவு மட்டும் அவள் பக்கத்தில் இருக்க விடுங்கள் மேடம், அவளுக்கு இப்போது நான் தேவை.